பஸ் வரலைன்னா யாரைக் கேட்பது? டொராண்டோவில் பயணிகளே உள்ளாட்சிக்காகக் களமிறங்கிய கதை

2023 ஜூலை 24, மாலை நேரம். கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதிக்கு ஓடிய 3-ஆம் எண் ரயிலின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் நிலையம் அருகே தனியாகக் கழன்று தடம் புரண்டது. 5 பேருக்குக் காயம். பாதையில் போல்ட்கள் தளர்ந்திருந்ததுதான் காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது.

அன்று நின்ற ரயில் அதன் பிறகு ஓடவே இல்லை. ஒரு மாதம் கழித்து, பாதை நிரந்தரமாக மூடப்படுவதாக போக்குவரத்து நிறுவனம் அறிவித்தது. எப்படியும் அந்த ஆண்டு நவம்பரில் மூடப்பட வேண்டிய பாதைதான். ஆனால், அதற்குப் பதிலாக வர வேண்டிய சுரங்க ரயில் 2030 வாக்கில்தான் தயாராகும். அதுவரை? பஸ்தான்.

ஸ்கார்பரோவில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் அதிகம் குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று. வேலைக்கும் கல்லூரிக்கும் பஸ், ரயிலையே நம்பியிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: ‘ரயில் பழசாயிடுச்சுன்னு 15 வருஷமா தெரியும். மாற்று ஏற்பாடு ஏன் இன்னும் வரலை? இதுக்கு யார் பொறுப்பு?’

இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்காததால்தான், பஸ் நேரம் பற்றிப் பேச ஆரம்பித்த பயணிகள் மாநகர மன்றத்தின் அதிகாரம் பற்றியும் பேச வேண்டியதாயிற்று.

ஒரே பாதை, எத்தனை திட்டங்கள்?

ஸ்கார்பரோ ரயில் 1985-இல் ஓடத் தொடங்கியது. 6.4 கி.மீ. நீளம், 6 நிலையங்கள். பனிப்புயல் வந்தால் அடிக்கடி நின்றுவிடும். பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் சண்டை.

* 2007: மேயர் டேவிட் மில்லர் நகரம் முழுக்க இலகு ரயில் பாதைகள் அமைக்கும் ‘டிரான்சிட் சிட்டி’ திட்டத்தை அறிவித்தார்.
* 2010: புதிய மேயர் ராப் ஃபோர்டு பதவியேற்ற முதல் நாளே அந்தத் திட்டம் முடிந்துபோனது என்றார். அவர் விரும்பியது சுரங்க ரயிலை.
* 2012: மாநகர மன்றம் மேயரை மீறி இலகு ரயிலுக்குத் திரும்பியது. ஸ்கார்பரோவுக்கு 7 நிலையங்கள். செலவை ஒன்டாரியோ மாகாண அரசு ஏற்கும் என்று ஒப்பந்தமும் போடப்பட்டது.
* 2013: அதே மன்றம் 24-20 வாக்குகளில் மனதை மாற்றிக்கொண்டது. 3 நிலையங்களுடன் சுரங்க ரயில். அதற்காகச் சொத்து வரியும் கூட்டப்பட்டது.
* 2016: மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது.
* 2019: மாகாண அரசு திட்டத்தைத் தன் கையில் எடுத்து, மறுபடியும் 3 நிலையங்கள் என்றது. 7.8 கி.மீ. பாதைக்கான வேலை 2021-இல் தொடங்கியது.

2012 ஒப்பந்தப்படி நடந்திருந்தால் இலகு ரயில் 2020 வாக்கில் ஓடியிருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவர் புது வரைபடத்தோடு வந்தார். பழைய ரயில் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, தடம் புரளும் வரை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தத் தாமதத்துக்கு மாகாண அரசு மட்டும் காரணம் இல்லை. மாநகர மன்றமும்தான் தடுமாறியது. ஆனால் 24-20 என்று வாக்களித்த 44 பேர் யார் யார் என்பது வாக்காளருக்குத் தெரியும். கோபம் இருந்தால் அடுத்த தேர்தலில் காட்டலாம். முடிவு மாகாணத் தலைமைச் செயலகத்துக்குப் போய்விட்ட பிறகு அந்த வசதியும் குறைந்துபோனது.

உண்மையில் சாவி யார் கையில்?

டொராண்டோவில் பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாவற்றையும் ஓட்டுவது டிடிசி எனப்படும் டொராண்டோ போக்குவரத்து ஆணையம். 1921-இல் தொடங்கியது. இது மாநகரத்துக்குச் சொந்தமான நிறுவனம். இதன் வாரியத்தில் கவுன்சிலர்களும் பொதுமக்கள் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். வாரியக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய், பெயர் கொடுத்து, சில நிமிடங்கள் பேசலாம். ‘எங்க ஏரியா பஸ் அரை மணி நேரமா வரலை’ என்று முகத்துக்கு நேரே சொல்லலாம்.

இன்னொரு பக்கம், மெட்ரோலிங்க்ஸ் என்ற நிறுவனம். இது மாகாண அரசின் கையில் இருப்பது. புதிய ரயில் பாதைகளைக் கட்டுவது இதன் வேலை. இதன் இயக்குநர் குழுவை நியமிப்பது மாகாண அரசு. டொராண்டோ வாக்காளர் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களுக்கு அதில் பிடி கிடையாது.

இதன் விளைவை எக்லிண்டன் பாதையில் பார்க்கலாம். 2011-இல் வேலை தொடங்கியது. 2020-இல் திறப்போம் என்றார்கள். கெடுவைத் தாண்டி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. ஒரு கட்டத்தில், எப்போது திறக்கும் என்று தேதி சொல்வதையே மெட்ரோலிங்க்ஸ் நிறுத்திவிட்டது. சாலை தோண்டிக் கிடந்ததால் வியாபாரம் படுத்த கடைக்காரர்களும், சுற்றுப்பாதையில் போன பஸ் பயணிகளும் மாநகர மன்றத்தில் முறையிட்டார்கள். மன்றத்தால் கடிதம் எழுதத்தான் முடிந்தது.

பணமும் இதே கதைதான். ஒரு காலத்தில் டிடிசியின் இயக்கச் செலவில் விழும் துண்டை மாநகரமும் மாகாணமும் பாதிப் பாதியாக ஏற்றன. 1990-களின் பிற்பகுதியில் முதல்வர் மைக் ஹாரிஸ் அரசு அந்த உதவியை நிறுத்தியது. பெட்ரோல் வரியில் ஒரு பங்கு பின்னர் கிடைத்தாலும், பழைய ஏற்பாடு திரும்பவில்லை. கொரோனாவுக்கு முன்பு டிடிசியின் இயக்கச் செலவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு டிக்கெட் பணத்தில் இருந்தே வந்தது. அதாவது, பயணிதான் பெரிய முதலாளி. ஆனால் முடிவெடுக்கும் மேஜையில் அவருக்கு நாற்காலி இல்லை.

47 வார்டு எப்படி 25 ஆனது?

2018 ஜூலை 27. டொராண்டோ மாநகரத் தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்று காலை மாகாண முதல்வர் டக் ஃபோர்டு, முன்னாள் மேயர் ராப் ஃபோர்டின் அண்ணன், ஒரு அறிவிப்பை வெளியிட்டார்: மாநகர மன்றத்தின் இடங்கள் 25 ஆகக் குறைக்கப்படும்.

அதுவரை 44 வார்டுகள் இருந்தன. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, அந்தத் தேர்தலில் இருந்து 47 வார்டுகள் என்று மன்றம் முடிவு செய்திருந்தது. வேட்பாளர்கள் மே மாதத்தில் இருந்தே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 14-இல் சட்டம் நிறைவேறியது. தேர்தல் அக்டோபர் 22-இல்.

செப்டம்பர் 10-இல் மாகாண நீதிபதி ஒருவர் சட்டத்தை ரத்து செய்தார். உடனே ஃபோர்டு, கனடா அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவைப் பயன்படுத்தப் போவதாகச் சொன்னார். சில அடிப்படை உரிமைகளை மீறினாலும் ஒரு சட்டம் செல்லும் என்று அறிவிக்க சட்டமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. அதற்கு அவசியம் ஏற்படவில்லை. 9 நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2021 அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மாகாண அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

காரணம், கனடாவின் 1867 அரசியல் சாசனம். அதில் உள்ளாட்சி அமைப்புகள் மாகாணத்தின் அதிகார வரம்புக்குள் வருகின்றன. வார்டு எத்தனை, மேயருக்கு என்ன அதிகாரம், ஏன், நகரத்தின் எல்லை எது என்பதைக்கூட மாகாணம் மாற்றலாம். ஸ்கார்பரோவுக்கு இது புதிதல்ல. 1998 வரை அது தனி மாநகரம். மக்கள் வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குப் பேர் வேண்டாம் என்று சொல்லியும், மாகாண அரசு அதை மற்ற 5 நகராட்சிகளோடு சேர்த்து இன்றைய டொராண்டோவாக்கியது.

பயணிக்கு இதனால் என்ன?

ஸ்கார்பரோவில் 10 ஆக இருந்த வார்டுகள் 6 ஆகின. இப்போது ஒரு கவுன்சிலர் சராசரியாக 1 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்குப் பிரதிநிதி. பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை, வழித்தடத்தை மாற்றிவிட்டார்கள், லிஃப்ட் வேலை செய்யவில்லை போன்ற புகார்கள் முதலில் போவது கவுன்சிலர் அலுவலகத்துக்குத்தான். அந்த அலுவலகங்கள் குறைந்து, ஒவ்வொன்றிலும் வரிசை நீண்டது.

வார்டு பெரிதானால் தேர்தல் செலவும் கூடும். ஏற்கெனவே பெயர் தெரிந்தவர்களுக்குத்தான் அது வசதி. 2017 இடைத்தேர்தலில் ஸ்கார்பரோவில் வென்று டொராண்டோவின் முதல் தமிழ் கவுன்சிலரானவர் நீதன் சான். 2018-இல், புதிய பெரிய வார்டில் 154 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 47 வார்டு இருந்திருந்தால் வென்றிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நகரத்தின் ஒரு பெரிய சமூகத்துக்கு மன்றத்தில் இருந்த ஒரே குரல் இல்லாமல் போனது. 2025 செப்டம்பர் இடைத்தேர்தலில்தான் அவர் திரும்பவும் மன்றத்துக்குள் நுழைந்தார்.

பயணிகள் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள்?

இங்கேதான் ‘டிடிசி ரைடர்ஸ்’ என்ற அமைப்பு வருகிறது. கட்சி சார்பில்லாத, பயணிகளே உறுப்பினர்களாக இருக்கும் அமைப்பு. பயணிகளுக்குக் கட்டணமும் பஸ் எண்ணிக்கையும் முக்கியம் என்பதில் தொடங்கி, படிப்படியாக யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தது.

இவர்கள் செய்வது பெரிய மாயம் எதுவும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று கையெழுத்து வாங்குவது. காத்திருப்பவரிடம் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்பது. பட்ஜெட் விவாதம் நடக்கும்போது பேசுவதற்குப் பயணிகளைத் தயார்படுத்தி அழைத்துப்போவது. தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை வெளியிடுவது.

கூட்டத்தில் பேசக் கிடைக்கும் சில நிமிடங்கள் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் செவிலியர், சக்கர நாற்காலியில் வரும் மாணவர், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் தொழிலாளி ஆகியோர் வரிசையாக வந்து பேசும்போது, அது பதிவாகிறது. அடுத்த நாள் செய்தியாகிறது. அதன் பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று கவுன்சிலரால் சொல்ல முடியாது.

சுரங்க ரயில் கைமாறாமல் நின்ற கதை

2018 தேர்தலில் வென்றதும் ஃபோர்டு அரசு அடுத்து குறிவைத்தது டொராண்டோவின் சுரங்க ரயிலை. பாதைகளின் உரிமையை மாநகரத்திடம் இருந்து மாகாணத்துக்கு மாற்றும் திட்டம். சுரங்க ரயில் மாகாணத்துக்கு, பஸ்ஸும் டிராமும் மாநகரத்துக்கு என்று பிரிந்தால் என்ன ஆகும்? ஒரே டிக்கெட்டில் பஸ்ஸில் ஏறி ரயிலுக்கு மாறும் வசதி நீடிக்குமா? நஷ்டம் எல்லாம் பஸ் பக்கம் விழுமா? தனியார்மயத்துக்கு இது முதல் படியா?

பயணிகள் அமைப்புகளும், போக்குவரத்துத் தொழிற்சங்கமும் இந்தக் கேள்விகளை நிலையம் நிலையமாகக் கொண்டுபோயின. மாநகர மன்றமும் எதிர்ப்புத் தெரிவித்தது. 2019 அக்டோபரில் மாகாணம் பின்வாங்கியது. சுரங்க ரயிலின் உரிமை மாநகரத்திடமே இருக்கும். பதிலுக்கு, மாகாணத்தின் 28.5 பில்லியன் டாலர் மதிப்பிலான 4 புதிய ரயில் திட்டங்களை மாநகரம் ஆதரிக்க வேண்டும். மன்றம் 22-3 என்று இதை ஏற்றது.

இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஓடும் ரயில் நகரத்திடம் தங்கியது. இனி கட்டப்போகும் ரயிலின் வரைபடம் மாகாணத்திடம் போனது. ஸ்கார்பரோ நீட்டிப்பும் அந்த நான்கில் ஒன்று.

8 பேர் இருந்தால் போதும்?

2022-இல் இன்னொரு திருப்பம். மேயருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் இரண்டு சட்டங்களை மாகாணம் அடுத்தடுத்து நிறைவேற்றியது. முதல் சட்டப்படி, பட்ஜெட்டை முன்வைக்கும் பொறுப்பு மேயருக்கு வந்தது. மன்றத்தின் சில முடிவுகளை அவர் ரத்து செய்யலாம், அதை மீற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இரண்டாவது சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டு வசதி, போக்குவரத்து போன்ற மாகாண முன்னுரிமைகளுக்கான விதிகளை, 25 கவுன்சிலர்களில் 8 பேர் ஆதரவு இருந்தாலே மேயர் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

பெரும்பான்மை இல்லாமலே சட்டம் இயற்றுவதா என்று டொராண்டோவின் முன்னாள் மேயர்கள் 5 பேர் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். இந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்கியவர் அப்போதைய மேயர் ஜான் டோரி.

புதிய ஏற்பாட்டின் கீழ் வந்த முதல் பட்ஜெட் 2023-க்கானது. அதில் பயணிகளுக்குக் கிடைத்தது: 10 சென்ட் கட்டண உயர்வு, கொரோனாவுக்கு முன்பிருந்த சேவையில் சுமார் 91 சதவீதம் மட்டுமே. கட்டணம் கூடியது, பஸ் குறைந்தது. பட்ஜெட் நிறைவேறிய அதே வாரம், தனிப்பட்ட காரணங்களால் டோரி பதவி விலகினார்.

ஜூன் இடைத்தேர்தலில் மேயரான ஒலிவியா சௌ, சிறுபான்மை ஆதரவோடு சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று பிரசாரத்திலேயே சொன்னார். ஆனால் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்து வரும் மேயர் பயன்படுத்தலாம்.

எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?

மாகாண அரசின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 44 பேர் உட்கார்ந்து விவாதித்தே ஸ்கார்பரோவின் பத்து வருடத்தை வீணாக்கினார்கள் என்பது அவர்கள் தரப்பு. மன்றம் சிறிதானால் முடிவு வேகமாகும். நான்கு ஆண்டில் சுமார் 2.5 கோடி டாலர் மிச்சமாகும் என்றார் ஃபோர்டு. ரயில் பாதை நகர எல்லையோடு நிற்பதில்லை, பக்கத்து நகரங்களையும் இணைக்க மாகாணம்தான் சரி என்பது இன்னொரு வாதம். அதில் நியாயமும் உண்டு.

ஆனால் வேகம் வந்ததா என்று பார்த்தால், எக்லிண்டன் பாதையே பதில். மாகாண நிறுவனம் கட்டியும் தாமதம் குறையவில்லை. தாமதத்துக்கு விளக்கம் கேட்கும் இடம்தான் தூரமாகப் போனது. மக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மன்றமும் தப்பு செய்யும். ஆனால் அந்தத் தப்பைத் திருத்த, நான்கு வருடத்துக்கு ஒரு முறையாவது வழி இருக்கிறது.

கையில் கிடைத்தது என்ன?

* 2018 ஆகஸ்டில் இருந்து, ஒரே கட்டணத்தில் 2 மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பயணிகள் பல ஆண்டு கேட்ட வசதி இது. குழந்தையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய், அப்படியே வேலைக்குப் போகும் அம்மாவுக்கு மூன்று டிக்கெட் தேவையில்லை.
* 2020 அக்டோபரில் ஸ்கார்பரோவின் எக்லிண்டன் கிழக்குச் சாலையில் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை வந்தது.
* 2023 விபத்துக்குப் பிறகு, மாற்று பஸ்கள் ஓடும் சாலைகளில் தனிப்பாதை போடப்பட்டது. மூடிய ரயில் தடத்தையே பஸ் பாதையாக மாற்றும் கோரிக்கைக்கு 2024 மாநகர பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்பட்டது.
* 2024, 2025 இரண்டு ஆண்டும் கட்டணம் உயரவில்லை.
* 2-ஆம் எண் சுரங்கப் பாதையில் ஆயுள் முடியப்போகும் ரயில்களுக்குப் பதிலாக 55 புதிய ரயில்கள் வாங்க, மாகாணமும் மத்திய அரசும் தங்கள் பங்கைத் தர ஒப்புக்கொண்டன.

இவை எல்லாம் பயணிகள் அமைப்பு மட்டுமே சாதித்தது என்று சொன்னால் அது மிகை. தேர்தல் கணக்கு, தொழிற்சங்கம், அதிகாரிகளின் வேலை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும்: பஸ் பாதை, கட்டணம், டிக்கெட் விதி. இவற்றில் பெரும்பாலானவை மாநகர மன்றத்தின் கையில் இன்னும் மிச்சம் இருக்கும் விஷயங்கள். பயணிகளின் அழுத்தம் பலித்தது அங்கேதான். மாகாணத்தின் கைக்குப் போன ரயில் திட்டங்களில், ஒரு திறப்பு தேதியை வாங்குவதே பெரும்பாடாக இருந்தது.

அடுத்து என்ன?

டொராண்டோவின் அடுத்த மாநகரத் தேர்தல் 2026 அக்டோபர் 26-இல். இந்த முறையும் 25 வார்டுகள்தான். புதிதாக வரும் மேயரும் மன்றமும் முடிவு செய்ய வேண்டியவை கொஞ்சமல்ல: சேவையை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, கட்டணத்தை எவ்வளவு காலம் உயர்த்தாமல் வைப்பது, 8 பேர் ஆதரவோடு விதி இயற்றும் அதிகாரத்தைத் தொடுவதா வேண்டாமா என்பது.

கூடவே, மாகாணத்திடம் பழைய பாதிக்குப் பாதி இயக்க உதவியைத் திரும்பக் கேட்கும் வேலையும் இருக்கிறது. அது கிடைக்காத வரை ஒவ்வொரு ஜனவரியிலும் அதே பட்ஜெட் சண்டைதான்: கட்டணத்தை ஏற்றுவதா, பஸ்ஸைக் குறைப்பதா?

ஸ்கார்பரோவில் சுரங்க ரயில் ஓடத் தொடங்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கென்னடி நிலையத்தில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு, வாக்கு கேட்டு வருபவரிடம் கேட்க இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பஸ் எப்போது வரும்? அது வரவில்லை என்றால், பதில் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா?